வேலையை நீங்களே விட்டால் கைக்கு வரவேண்டிய காசு: திருகோணமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

வேலையை விட்டால் அடுத்த வேலை கிடைக்கும்வரை அரசாங்கம் மாதாமாதம் ஏதும் தருமா? லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் சொந்தக்காரரின் கதையைக் கேட்டவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். இலங்கையில் அப்படி ஒரு கொடுப்பனவு இல்லை. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் பெயரில் மூன்று இடங்களில் காசு இருக்கலாம். பணிக்கொடை, அதாவது நீண்ட சேவைக்காக முதலாளி தரவேண்டிய மொத்தத் தொகை, முதலாளியிடம் இருக்கிறது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, அதாவது ஈ.ரி.எப்., கொழும்பு நாரஹேன்பிட்டியில் இருக்கும் சபையிடம். ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எப்., மத்திய வங்கியில். நீங்களாக விலகியதால் முதல் இரண்டிலும் ஒரு சதம்கூடக் குறையாது. மூன்றாவது பெரும்பாலும் வயது வரும்வரை பூட்டித்தான் கிடக்கும்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. வேலையில் இருக்கும்போது ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கையெழுத்துக்கு, விட்டபிறகு ஐந்து தடவை அலைய வேண்டிவரும். மூதூர், வெருகல், புல்மோட்டைப் பக்கமிருந்து நகரத்துக்கு வருபவர்களுக்கு ஒவ்வொரு அலைச்சலும் ஒரு முழு நாள். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, கடிதம் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டியதைப் பற்றியே.

1. விலகுகிறீர்களா, விலக்கப்படுகிறீர்களா?

மற்ற எதற்கும் முன் இதைத் தீர்மானியுங்கள். "ஆள் குறைக்கிறோம், நீங்களே ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதித் தந்தால் பேர் கெடாது" என்று அலுவலகத்தில் கூப்பிட்டுச் சொன்னால் அது ராஜினாமா இல்லை, வேலைநீக்கம். அந்த இடத்தில் பேனாவை எடுக்க வேண்டாம்.

காரணம் இதுதான். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் ஒன்றில் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். நிறுத்துவதற்கு முந்திய 12 மாதத்தில் குறைந்தது 180 நாள் வேலை செய்தவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. அனுமதி இல்லாமல் நிறுத்தினால் நட்டஈடு கேட்கலாம். "எனது சொந்த விருப்பின்பேரில்" என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஒரு வரி அந்தக் கதவை மூடிவிடும். பிறகு வற்புறுத்தி எழுதவைத்தார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

வற்புறுத்தல் இருந்தால் யார், எந்தத் திகதி, என்ன சொன்னார் என்று அன்றே ஒரு கொப்பியில் எழுதுங்கள். வட்ஸ்அப்பில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள். தொழில் ஆணையாளரிடம் முறையிடுவதற்குக் காலம் வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதம். வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபைக்குப் போவதற்கும் அதே ஆறு மாதம்தான். ஒரு பெருநாள், ஒரு கலியாணவீடு, ஒரு மழைக்காலம் என்று அது போய்விடும்.

உண்மையிலேயே நீங்களாக விலகுகிறீர்கள் என்றால் கீழே தொடருங்கள்.

2. திகதியை எண்ணிப் பாருங்கள்

நியமனக் கடிதத்தை எடுத்து, சேர்ந்த திகதியைப் பாருங்கள். பணிக்கொடைக்கு ஐந்து பூரண வருடம் வேண்டும். நாலு வருடமும் பதினொரு மாதமும் என்றால் சட்டப்படி உரித்து எதுவும் இல்லை. தகுதிகாண் காலமும், நிர்வாகம் ஏற்றுக்கொண்ட லீவும் சேவையில் சேரும். இன்னும் ஐந்து வாரம் பொறுத்தால் இரண்டரை மாதச் சம்பளம் கிடைக்கும் என்றிருக்கும்போது கோபத்தில் கடிதம் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

ஐந்தைத் தாண்டியவர்களும் எண்ண வேண்டும், ஏனென்றால் பூரண வருடங்களுக்குத்தான் கணக்கு. ஏழு வருடமும் பதினொரு மாதமும் வேலை செய்தவருக்கு ஏழு வருடத்துக்கே காசு.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல் வேலைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். சீசன் முடிய நிறுத்தி, அடுத்த சீசனுக்குப் புதுக் கடிதம் தரும் இடங்களில் "உங்கள் சேவை தொடர்ச்சி இல்லை" என்று பின்னால் சொல்லுவார்கள். ஓப் சீசன் மாதங்களிலும் உங்களுக்கு ஈ.பி.எப். கட்டப்பட்டிருந்தால், அல்லது நிர்வாகம் தந்த லீவு என்று எழுத்தில் இருந்தால், உங்கள் பக்கம் பலமாகும். ஆள்வழங்கும் ஏஜென்சி ஊடாக வேலை செய்பவர்கள் சம்பளச் சிட்டையில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே வாசலுக்குள் ஆறு வருடம் போய்வந்தாலும், கடதாசியில் முதலாளி மூன்று தடவை மாறியிருக்கலாம்.

3. ஈ.பி.எப். அறிக்கையை முதலில் எடுங்கள்

கடிதம் கொடுப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன்னராவது இதைச் செய்யுங்கள். மத்திய வங்கியின் உறுப்பினர் அறிக்கை வருடத்துக்கு இரண்டு தடவை முதலாளி ஊடாக வரும். பல இடங்களில் அது கணக்காளரின் லாச்சிக்குள் கிடக்கும், கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் திருகோணமலையிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. தேசிய அடையாள அட்டையோடு அங்கே போய்க் கேளுங்கள்.

அறிக்கையில் நாலு விஷயம் பாருங்கள்.

முதலாவது, உங்கள் இலக்கம். அது "ஏ/45678/123" என்பதுபோல் இருக்கும். முதலெழுத்து வலயம், நடுவில் இருப்பது முதலாளியின் இலக்கம், கடைசியில் இருப்பது நீங்கள். ஈ.ரி.எப். இலக்கமும் வழமையாக இதேதான். முன்னைய வேலைகளின் இலக்கங்களும் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் 851234567 என்று ஒன்பது இலக்கமும் பின்னால் ஒரு எழுத்தும் இருக்கும். புதியதில் அதே ஆள் 198512304567 ஆகிவிடுவார். முன்னால் 19 சேரும், பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் நுழையும், கடைசி எழுத்து போய்விடும். கைதவறி அந்தப் பூச்சியத்தை இடம்மாற்றித் தட்டிவிட்டால் உங்கள் காசு வேறொருவரின் பெயரில் நிற்பதுபோல் தெரியும். அட்டை இல்லாத காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இலக்கமே பதியப்படாமலும் இருக்கலாம்.

மூன்றாவது, பெயர். எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் அதிகம் திரும்பி வருவது இதனால்தான். பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, நிறுவனத்தில் கிளாக் எழுதியது மூன்றாவது. தகப்பன் பெயர் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதிலும் ஆளுக்கொரு முறை. கலியாணத்துக்குப் பிறகு புருஷனின் பெயரைச் சேர்த்த பெண்களுக்கு நாலாவது வடிவம். சிறு வித்தியாசம் என்றால் "இருவரும் ஒருவரே" என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். பிழை நிறுவனத்தின் பதிவில் என்றால், நீங்கள் அங்கே வேலை செய்யும்போதே திருத்தம் அனுப்பச் சொல்லுங்கள். விட்டபிறகு அதைச் செய்ய அவர்களுக்கு அவசரம் இருக்காது.

நாலாவது, மாதங்கள். உங்களிடம் பிடித்த 8 சதவீதமும் முதலாளி போடவேண்டிய 12 சதவீதமும் சேர்ந்து 20 சதவீதம் ஒவ்வொரு மாதமும் வந்திருக்க வேண்டும். சம்பளச் சிட்டையில் பிடித்திருப்பார்கள், வங்கிக்குப் போயிருக்காது. அப்படியான மாதங்களைச் சிவப்புப் பேனாவால் குறியுங்கள். ஓ.ரி.க்கு ஈ.பி.எப். இல்லை. ஆனால் வாழ்க்கைச்செலவுப் படி, சாப்பாட்டுப் படி, கொமிஷன் போன்றவற்றுக்கு உண்டு. அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கட்டியிருந்தால் அதுவும் குறைவாகக் கட்டியதுதான்.

4. ராஜினாமாக் கடிதம்

நீளமாக எழுத வேண்டாம். குறைகளைக் கொட்டவும் வேண்டாம். இவ்வளவு போதும்:

"நான் 2018.06.10 முதல் தங்கள் நிறுவனத்தில் களஞ்சிய உதவியாளராகக் கடமையாற்றி வருகிறேன். நியமனக் கடிதத்தின்படி ஒரு மாத முன்னறிவித்தல் வழங்கி, 2025.10.31 பிற்பகலுடன் பதவியிலிருந்து விலகுகிறேன். எனது சம்பள மீதி, எடுக்காத வருடாந்த விடுமுறைக்கான கொடுப்பனவு, பணிக்கொடை ஆகியவற்றை வழங்குவதுடன், சேவைச் சான்றிதழையும் ஈ.ரி.எப். விண்ணப்பத்துக்கான உறுதிப்படுத்தலையும் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

சேர்ந்த திகதியும் விலகும் திகதியும் ஒரே கடிதத்தில் வருவதுதான் இதில் முக்கியம். நிறுவனம் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டால் சேவைக்காலம் பற்றிய பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் "கிடைத்தது" என்று திகதி, கையெழுத்து, முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் ரசீதைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். முன்னறிவித்தல் காலம் எவ்வளவு என்று நியமனக் கடிதத்தில் இருக்கும். அதைக் கொடுக்காமல் நின்றுவிட்டால் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்டு நிறுவனம் பிடிவாதம் பிடிக்கும். பேச்சுக்கே இடம்வைக்காமல் முழு மாதமும் வேலைசெய்துவிட்டு வருவது நல்லது.

5. கடைசி நாளில் கையில் இருக்கவேண்டியவை

சேவைச் சான்றிதழ் (சேர்ந்த திகதி, விலகிய திகதி, பதவி, ஈ.பி.எப். இலக்கம் நாலும் அதில் இருக்க வேண்டும்), ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டை, நிறுவனம் நிரப்பி முத்திரை குத்திய ஈ.ரி.எப். விண்ணப்பம், உங்கள் பி அட்டை (ஈ.பி.எப். உறுப்பினர் அட்டை) அவர்களிடம் இருந்தால் அது. வருமான வரி பிடித்திருந்தால், பிடித்த தொகையைக் காட்டும் ரி 10 சான்றிதழும் வாங்குங்கள். வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. நடுவில் வேலையை விட்டவரின் மொத்த வருட வருமானம் வரி எல்லைக்குக் கீழே போனால், பிடித்த வரியைத் திருப்பிக் கேட்க அந்தச் சான்றிதழ் வேண்டும்.

கடைகளிலும் அலுவலகங்களிலும் ஒரு முழு வருடச் சேவைக்கு 14 நாள் வருடாந்த லீவு உண்டு. அப்படிச் சேர்ந்த லீவில் எடுக்காமல் மிச்சம் இருப்பதற்குக் காசு வர வேண்டும். இதைக் கேட்காமலே வருபவர்கள் பலர்.

கவனம்: "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ஒரு தாளை நீட்டுவார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில். எந்தத் தொகை எதற்கு என்று தனித்தனியாக எழுதப்பட்டிருந்தால் மட்டும் கையெழுத்து வையுங்கள். பணிக்கொடை இன்னும் வரவில்லை என்றால், கையெழுத்துக்கு மேலே "பணிக்கொடை, ஈ.பி.எப்., ஈ.ரி.எப். நீங்கலாக" என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். தாளைப் போனில் படம் எடுக்கவும் மறக்க வேண்டாம்.

6. பணிக்கொடை: கணக்கும் கெடுவும்

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் எளிமையானது. வேலை எப்படி முடிந்தாலும், நீங்களாக விலகினாலும், ஐந்து வருடம் பூரணமானால் காசு உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு பூரண வருடத்துக்கும் கடைசியாக எடுத்த சம்பளத்தில் அரை மாதம். நாட்கூலிக்காரர் போன்ற மற்றவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி.

கடைசிச் சம்பளம் 42,000 ரூபாய், சேவை 7 வருடமும் 4 மாதமும் என்றால்: 21,000 × 7 = 147,000 ரூபாய். நாட்கூலி 2,000, சேவை 6 வருடம் என்றால்: 2,000 × 14 × 6 = 168,000 ரூபாய். அடிப்படைச் சம்பளத்தோடு வாழ்க்கைச்செலவுப் படி போன்ற படிகளும் கணக்கில் சேரும். ஓ.ரி. சேராது.

காசு தருவதற்கு முதலாளிக்கு 30 நாள். அதைத் தாண்டினால் மேலதிகமாகக் கட்ட வேண்டும்: தாமதம் ஒரு மாதம்வரை 10 சதவீதம், மூன்று மாதம்வரை 15, ஆறு மாதம்வரை 20, ஒரு வருடம்வரை 25, அதற்கும் மேல் 30. மேலே சொன்ன 147,000 நாலு மாதம் பிந்தினால் இன்னொரு 29,400 ரூபாய் சேரும். இந்த ஒரு கணக்கை மரியாதையாக எழுதி அனுப்பினாலே சில கணக்காளர்கள் செக் புத்தகத்தைத் தேடுவார்கள்.

"எங்களிடம் 15 பேர் இல்லை, பணிக்கொடை கிடையாது" என்பதுதான் அதிகம் கேட்கும் பதில். சட்டம் சொல்வது வேறு. நீங்கள் விலகிய நாளுக்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளில் 15 பேர் வேலை செய்திருந்தால் போதும். ஓப் சீசனில் எட்டுப் பேரோடு ஓடும் ஹோட்டலில் ஓகஸ்ட் மாதம் பதினெட்டுப் பேர் இருந்திருந்தால் கணக்கு முடிந்தது. சீசன் நேரத்து டியூட்டி ரோஸ்டரின் ஒரு படம் போனில் இருப்பது எவ்வளவு பெறுமதி என்று அப்போது தெரியும்.

உண்மையிலேயே 15க்குக் குறைவான சிறிய கடை என்றாலும் வழி அடைபடவில்லை. தொழில் நியாயசபையில் பணிக்கொடை கேட்டு விண்ணப்பிக்கலாம். அங்கேதான் முன்பு சொன்ன ஆறு மாதக் கெடு கடிக்கும்.

பணிக்கொடையைப் பிடித்துவைக்கச் சட்டம் இடம் தரும் காரணங்கள் மோசடி, நிறுவன நிதியைக் கையாடல், சொத்துக்கு வேண்டுமென்று விளைவித்த சேதம், நிறுவனப் பொருளை இழக்கச் செய்தது ஆகியவற்றுக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதுதான். அதுவும் சேதத்தின் அல்லது இழப்பின் அளவுக்கு மட்டும். யூனிபோர்ம் திருப்பித் தரவில்லை, சொல்லாமல் லீவு எடுத்தார், போட்டிக் கடைக்குப் போய்விட்டார் என்பவை அந்தப் பட்டியலில் இல்லை.

7. ஈ.ரி.எப்.: இதுதான் விலகியதும் எடுக்கக்கூடிய காசு

முதலாளி உங்கள் சம்பளத்தில் கைவைக்காமல் தன் பக்கமிருந்து 3 சதவீதம் கட்டுவது இது. 42,000 சம்பளத்துக்கு மாதம் 1,260 ரூபாய். வேலை நின்றதும், வயதைப் பார்க்காமல், மீதியை எடுக்கலாம்.

எடுக்கலாமா என்பதற்கு முன் எடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள். ஒருமுறை எடுத்தால் அடுத்த வேலையை விட்டு மறுபடி கேட்க ஐந்து வருடம் ஆக வேண்டும். பதினெட்டு மாதம் வேலை செய்து இருபதாயிரம் சேர்ந்திருக்கிறது, அடுத்த வேலையும் நிலையில்லை என்றால், இப்போது எடுத்து அந்த ஒரு வாய்ப்பைச் செலவழிப்பது புத்திசாலித்தனம் இல்லை. ஏழெட்டு வருடச் சேர்ப்பு என்றால் எடுக்கலாம். காத்திருக்கும் காலத்திலும் மீதிக்கு வட்டி சேரும்.

வேண்டிய கடதாசிகள்: கடைசி முதலாளி உறுதிப்படுத்திய விண்ணப்பம், அடையாள அட்டைப் பிரதி, சேவைச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்துப் பிரதி, பெயர் வித்தியாசம் இருந்தால் சத்தியக்கடதாசி. வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும், பாவனையில் இருக்கும் சேமிப்புக் கணக்காக இருக்கட்டும். மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்கைக் கொடுத்து மாதக்கணக்கில் இழுபட வேண்டாம். வருடக்கணக்கில் தொடாத கணக்கு என்றால் முதலில் வங்கிக்குப் போய் நூறு ரூபாய் போட்டு உயிர் கொடுங்கள். புத்தகத்தில் இருக்கும் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

எப்போது அனுப்புவது? ஒரு மாதத்துப் பணத்தை முதலாளி அடுத்த மாத இறுதிக்குள் கட்டலாம். ஒக்டோபர் 31இல் விலகியவரின் கடைசிப் பணம் நவம்பர் கடைசியில்தான் போய்ச்சேரும். நவம்பர் முதல் வாரமே விண்ணப்பம் போனால் கடைசி மாதம் விடுபடும். டிசம்பர் நடுப்பகுதி சரியான நேரம்.

இன்னொரு பொறி நிறுவனத்தின் பக்கம். 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள இடங்கள் மாதப் பணத்தோடு நின்றுவிட முடியாது. அரையாண்டுக்கு ஒருமுறை யார் பெயருக்கு எவ்வளவு என்ற விவரத்திரட்டை, இரண்டாம் இலக்கப் படிவத்தில், அனுப்ப வேண்டும். அது போகாவிட்டால் காசு சபையில் இருக்கும், உங்கள் பெயரில் மட்டும் இருக்காது. "காசெல்லாம் கட்டிட்டம்" என்று அவர்கள் சொல்வதும் உண்மை, "உங்களுக்கு மீதி இல்லை" என்று சபை சொல்வதும் உண்மை. கணக்காளரிடம் கேட்க வேண்டியது "கட்டினீங்களா?" இல்லை. "கடைசி அரையாண்டுக்கு இரண்டாம் படிவம் அனுப்பினீங்களா, எந்தத் திகதி?" என்று கேளுங்கள்.

தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால். மூலப் பிரதிகளை அனுப்ப வேண்டாம். ஈ.ரி.எப். இருதய சத்திரசிகிச்சை, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் போன்ற உதவிகளும் தருகிறது. அவை பணம் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் உறுப்பினருக்கானவை. வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு விண்ணப்பம் போட இருந்தால் விலகுவதற்கு முன் போட்டுவிடுங்கள்.

8. ஈ.பி.எப்.: பெரும்பாலும் காத்திருக்கத்தான் வேண்டும்

ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50. அதற்கு முன் நீங்களாக வேலையை விட்டதற்காக மட்டும் ஈ.பி.எப். எடுக்க முடியாது. "ஆளைப் பிடிச்சு எடுத்துத் தாறன், பத்து வீதம் தாங்கோ" என்று யாராவது சொன்னால் காசும் போகும், அடையாள அட்டைப் பிரதியும் போகும். தொழில் அலுவலகத்தில் இதற்குக் கட்டணமே இல்லை.

வயதுக்கு முன் எடுக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் சில உண்டு. திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண்கள் எடுக்கலாம். இதற்குக் காலவரையறை இருப்பதால், விவாகப் பதிவுத் திகதியையும் வேலை விட்ட திகதியையும் எழுதிக்கொண்டு முதலில் தொழில் அலுவலகத்தில் காட்டுங்கள். நிரந்தரமான, ஓய்வூதிய உரித்துள்ள அரச வேலைக்குப் போகிறவர்கள் எடுக்கலாம். இங்கே தனியார் வேலையை விட்டு ஆசிரியராகவோ அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ போகும் பட்டதாரிகள் கவனிக்க வேண்டியது, பயிலுநர் கடிதம் இதற்குப் போதாது. நிரந்தரமாக வேலை செய்ய முடியாத உடல்நிலை என்றால் மருத்துவச் சான்றோடு எடுக்கலாம். நாட்டைவிட்டு நிரந்தரமாகக் குடிபெயர்பவர்களும் எடுக்கலாம். கட்டாருக்கோ துபாய்க்கோ இரண்டு வருட விசாவில் போவது குடிபெயர்வு இல்லை.

இந்த எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் கே படிவம். மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 சதவீதம் எடுக்கும் வசதி தனி. 2012இல் வந்த திருத்தத்தின்படி பத்து வருடப் பங்களிப்பும் குறைந்தது 300,000 ரூபாய் மீதியும் வேண்டும், அதிகபட்சம் 20 இலட்சம். அதற்கு நிறுவனத்தின் கையெழுத்தும் தேவைப்படும். வீடு கட்டும் எண்ணம் இருந்தால், விலகுவதற்கு முன் அந்த விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள்.

எதுவும் பொருந்தாவிட்டால் அந்தக் காசை மறந்துவிடலாம், ஆனால் இலக்கத்தை மறக்க வேண்டாம். வேலை செய்யாத வருடங்களிலும் வட்டி ஏறும். புது வேலையில் புது இலக்கம் தருவார்கள். பழையதும் புதியதும் உங்கள் அடையாள அட்டையின் கீழ் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

9. தராவிட்டால்: தொழில் அலுவலகம்

30 நாள் கழிந்தும் பணிக்கொடை வரவில்லை, அல்லது நீங்கள் சிவப்புப் பேனாவால் குறித்த மாதங்கள் நிரம்பவில்லை என்றால் திருகோணமலை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு. முன்பின் தெரியாதவர்கள் 1919க்கு எடுத்துத் தமிழில் கேட்டால் இலக்கமும் இடமும் சொல்லுவார்கள். போவதற்கு முன் போனில் பேசுங்கள். தொழில் உத்தியோகத்தர்கள் பரிசோதனைக்கு வெளியே போகும் நாளில் போய் வாங்கில் இருந்துவிட்டு வர வேண்டாம்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். நிறுவனத்தின் பதிவுப் பெயரை மட்டும் சம்பளச் சிட்டையில் இருப்பதுபோலவே எழுதுங்கள். போர்டில் இருக்கும் பெயர் ஒன்று, கொம்பனியின் பெயர் இன்னொன்று என்பது இங்கே சாதாரணம், பிழையான பெயருக்கு அனுப்பிய கடிதம் சும்மா திரும்பி வரும். இணைக்க வேண்டியவை: நியமனக் கடிதம், ராஜினாமாவும் அது கிடைத்ததற்கான ஆதாரமும், சம்பளச் சிட்டைகள், ஈ.பி.எப். அறிக்கை. நியமனக் கடிதமே தராத இடங்களில் வேலை செய்தவர்களுக்கு ஈ.பி.எப். அறிக்கைதான் சாட்சி. எந்த மாதம் முதல் எந்த மாதம்வரை, எந்த முதலாளி, எவ்வளவு சம்பளம் எல்லாம் அதில் இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கின் கூற்று, வருகைப் பதிவின் படம், கூட வேலை செய்தவரின் சத்தியக்கடதாசி.

இரு பக்கத்தையும் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். முதல் தவணைக்கு முதலாளி பக்கம் யாரும் வராமல் விடுவது வழமை, மனம் தளர வேண்டாம். நீங்கள் ஒரு தவணையும் தவறாதீர்கள். "இப்ப கையில இல்ல, மாதம் மாதம் தாறம்" என்று அங்கே சமரசம் பேசினால், உத்தியோகத்தர் முன் தவணைத் தொகையும் திகதியும் எழுதப்பட்டு இரு பக்கமும் கையெழுத்திட்டால் மட்டும் சம்மதியுங்கள். வெளியே வராந்தாவில் தரும் வாக்குறுதிக்குப் பெறுமதி இல்லை. தீர்மானித்த பிறகும் தராவிட்டால் திணைக்களமே நீதவான் நீதிமன்றம் ஊடாக அறவிடலாம். அதற்கு நீங்கள் சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை.

செலவு என்று பார்த்தால் போட்டோக்கொப்பி, பதிவுத் தபால், சத்தியக்கடதாசி, பஸ் காசு. பெரியது பஸ் காசுதான். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் அடுத்த விசாரிப்புகளைப் போனிலேயே முடிக்கலாம்.

10. அஸ்வெசும?

அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும வேலை போனதற்கென்று தருவது இல்லை. குடும்பத்தின் நிலையைக் கணக்கெடுத்துத் தருவது. விண்ணப்பம் கோரும் காலத்தில் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குப் போகும். ஏற்கனவே பட்டியலில் இருக்கும் குடும்பம் என்றால், ஈ.ரி.எப். காசு வந்ததும் அதைப் பதிவான அஸ்வெசும கணக்கில் கலக்காமல் வேறு கணக்குக்கு எடுத்துக்கொள்வது கணக்குப் பார்க்க வசதி. அந்த வேறு கணக்கின் புத்தகத்தைத்தான் ஏழாம் பகுதியில் சொன்ன விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும்.